நல்ல தண்ணீர் பம்ப்பும் ஜோதிலட்சுமியும்

ஜோதிலட்சுமிக்குக் கோபம் வருவதில்லை. வர வேண்டுமென்றால் அது முதலில் எங்காவது போயிருக்க வேண்டும். காலையில் லஸ் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அது கூட இறங்கும். மாலையில் அதே பஸ்ஸில் அவளோடு நின்றுகொண்டே திரும்பும். நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, வலது கட்டைவிரல் நகத்தில் என்றைக்கும் போகாத ஒரு கறுப்புக் கோடு. அவளை அமைதியாகப் பார்த்தவர்கள் உண்டு. அப்போது அவள் வேலை செய்துகொண்டிருந்தாள்.

வேலை, கப்பல் பம்ப்புகளைப் பழுது பார்ப்பது. கச்சேரி ரோட்டிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடைக்கும் நடுவே அந்தப் பட்டறை இருக்கிறது. மயிலாப்பூருக்குக் கப்பல் வருவதில்லை. ஆனால் கப்பலின் உறுப்புகள் துறைமுகத்திலிருந்து குட்டி யானை வண்டியில் ஏறி, தேர் வீதியில் மாட்டிக்கொண்டு, அறுபத்து மூவர் திருவிழா நாளென்றால் அரை நாள் தாமதமாக, இங்கே வந்து சேரும். இடம் மாற்றலாமே என்று யாராவது கேட்டால் முதலாளி நோயல், "அப்பா இங்கதான் ஆரம்பிச்சார்" என்பார். அந்தச் சந்தில் இடத்தை விற்றுவிட்டுப் போனவர்கள் யாரும் சொல்லாத காரணம் அது.

கப்பலில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்குக் காரணம் மொட்டை மாடித் தொட்டி அல்ல. ஆடுகிற கட்டடத்தின் உச்சியில் டன் கணக்கில் தண்ணீரை வைக்க எந்தப் பொறியாளரும் சம்மதிக்க மாட்டார். கீழே எஞ்சின் அறையில் மூடிய உருளை ஒன்று இருக்கும். பாதி தண்ணீர், பாதி அழுத்திய காற்று. குழாயைத் திறந்ததும் காற்று தண்ணீரைத் தள்ளும். அழுத்தம் குறைந்ததும் பக்கத்திலிருக்கும் பம்ப் தானாக ஓடி உருளையை நிரப்பும். பம்ப்புகள் இரண்டு. ஒன்று ஓடும், மற்றது முறைக்குக் காத்திருக்கும். பழைய கப்பல்களில் இதற்கு அடுத்தாற்போல் இன்னோர் உருளையும் இன்னொரு ஜோடி பம்ப்பும் உண்டு. அவை கழிப்பறைக்குக் கடல்நீர் அனுப்புபவை. செய்த கம்பெனி ஒன்று, வார்த்த அச்சு ஒன்று, அளவு ஒன்று. ஒன்று குடிக்க, ஒன்று கழுவ. வெளியே அடித்திருக்கும் பெயின்ட்டின் நிறத்தைத் தவிர எந்த வித்தியாசமும் தெரியாது.

உள்ளே தெரியும். கடல்நீர் இரும்பைத் தின்றுவிடும் என்பதால் கழிப்பறை பம்ப்பின் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் தார் கலந்த கறுப்புப் பூச்சைப் பூசியிருப்பார்கள். கடல்நீருக்கு அது காவல், குடிநீருக்கு விஷம். உடனே கொல்லாத, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிற, நாகரிகமான விஷம்.

பட்டறையை ஆரம்பித்த அல்போன்ஸ் இதற்காக ஒரு சட்டம் வைத்திருந்தார். நல்ல தண்ணீர் பம்ப்புக்கு வெள்ளைப் பிடி போட்ட ஸ்பேனர்; கழிப்பறை பம்ப்புக்குச் சிவப்புப் பிடி. அலமாரி வேறு, துணி வேறு, கழுவும் மண்ணெண்ணெய்த் தட்டு வேறு. சிவப்பைத் தொட்ட கையால் வெள்ளையைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டுவிட்டு வர வேண்டும். மாட வீதி வீடுகளில் மடி, ஆசாரமெல்லாம் தளர்ந்துகொண்டு வந்த நாட்களில், சாந்தோம் பங்கைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கர் அதை இந்தச் சந்தில் முழு வீரியத்தோடு நடத்திக்கொண்டிருந்தார்.

அல்போன்ஸுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. பழுது பார்த்த நல்ல தண்ணீர் பம்ப்பைச் சோதனை மேடையில் ஓட்டி, அதிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து, கப்பல்காரர் கண்ணெதிரே குடித்துக் காட்டுவார். அது எதையும் நிரூபிக்காது என்பது அவருக்கும் தெரியும், கப்பல்காரருக்கும் தெரியும். ஆனாலும் குடித்த பிறகுதான் கையெழுத்து விழும். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து சிறுநீரகம் கெட்டு, தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்ன பிறகு அந்த வேலை ஜோதிலட்சுமிக்கு வந்தது. பதினெட்டு வருஷமாக அவள்தான் குடித்தாள்.

அவள் இங்கே சேர்ந்தது கூட்டிப் பெருக்க. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்தே வருவாள். பம்ப்பில் சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் காக்கும் சீல் என்ற சிறு வளையம் ஒன்று உண்டு. அதன் முகத்தைக் கண்ணாடிப் பலகைமேல் பசை தடவி, எட்டுப் போட்டுத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். ஒருநாள் ஆள் வராததால் அவள் தேய்த்தாள். அல்போன்ஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுநாள் துடைப்பத்தை வேறொருவரிடம் கொடுத்தார். பாராட்டத் தெரியாத மனிதர். அவளுக்கும் அதை வாங்கிக்கொள்ளத் தெரியாது, நன்றாக ஒத்துப்போயிற்று.

ஏழு வருஷத்துக்கு முன் ஆற்றங்கரையைக் காலி செய்து, ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடங்களில் குடியேற்றினார்கள். நடந்து வந்தவள் இரண்டு பஸ் மாறி ஒன்றே முக்கால் மணி நேரம் பயணம் செய்ய ஆரம்பித்தாள். குடியேறிய அன்று ஒரு அதிகாரி வந்தார். மேடை போட்டு, புதுக் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்து, கேமராவைப் பார்த்துக் குடித்தார். கூட்டம் கை தட்டியது. ஜோதிலட்சுமியும் தட்டினாள். தொழில்முறை மரியாதை. அந்தத் தண்ணீர் எட்டு மாதம் தார் வாசனை அடித்தது. தொட்டிக்கு உள்ளே என்னத்தையோ பூசி, காய விடாமல் நிரப்பிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அவள் மகள் ஷில்பா அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சையை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். அதிகாரி மறுபடி தாகத்தோடு அந்தப் பக்கம் வரவில்லை.

இவ்வளவு நடந்த பிறகும் அவள் பட்டறையில் டம்ளரைப் பிடித்துக் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஏன் என்று கேட்டால், "என் பம்ப்பு எனக்குத் தெரியும், அந்தாளுக்கு அந்தத் தொட்டி தெரியாது" என்பாள். நியாயம்தான். ஆனால் பார்க்கிறவனுக்கு இரண்டு டம்ளரும் ஒன்றுதானே என்றால் கோபம் அதிகமாகும்.

போன பிப்ரவரியில் சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்து நல்ல தண்ணீர் பம்ப் ஒன்று வந்தது. கூடு விரிசல் விட்டிருந்தது. புதுக் கூடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கப்பலோ நான்கு நாளில் கிளம்புகிறது. அல்போன்ஸ் இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவர் மகன் நோயல் கெட்டவர் இல்லை. ஞாயிறு பூசை தவறாதவர், கோபத்தில்கூட யாரையும் 'டா' போட்டுப் பேசாதவர், வந்த வேலையை முடியாது என்று சொல்லத் தெரியாதவர். கடைசிக் குணம்தான் ஆபத்தானது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, யாரும் இல்லாத பட்டறைக்கு வந்து, உடைத்த கப்பல்களிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய கூடுகளில் ஒன்றை எடுத்து மாட்டினார். அச்சு ஒன்று, அளவு ஒன்று, கச்சிதமாகப் பொருந்தியது. வெளியே நல்ல தண்ணீர் பம்ப்புக்கான நீலப் பெயின்ட் அடித்தார்.

திங்கட்கிழமை காலை ஜோதிலட்சுமி அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கூட்டின் அடிப்பாதத்தில் போல்ட் மாட்டும் காது ஒன்று உடைந்து வெல்டிங் வைத்திருந்தது. அந்தக் காதை அவளுக்குத் தெரியும். சிவப்பு அலமாரி, மூன்றாவது தட்டு. அவளே சுமந்து வைத்தது.

"சார், இது கக்கூஸ் பம்ப்பு கூடு."

"கழுவியாச்சு ஜோதி. பிளீச்சிங் பவுடர் போட்டு ரெண்டு வாட்டி."

"கழுவுனா உள்ள பூசினது போய்டுமா?"

"அது ஸ்பேர் பம்ப். வாரத்துக்கு ஒரு தரம், பத்து நிமிஷம் ஓட்டுவாங்க. ஆறு வாரத்துல ஒரிஜினல் வந்ததும் நானே மாத்திக் கொடுக்கறேன்."

"கப்பலு போயிகினே கீமே. எங்க போயி மாத்துவ?"

"எங்கயாவது ஒரு போர்ட்ல."

"அத்தினி நாளு அந்த ஜனங்க குடிச்சிகினு கெடக்கட்டுமா?"

நோயல் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார். பொய் சொல்கிறவர் என்றால் அவருக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். அவர் நிஜமாகவே ஒன்றும் ஆகாது என்று நம்பினார். அப்படி நம்புகிறவர்களை வழிக்குக் கொண்டுவருவது பொய்யர்களை வழிக்குக் கொண்டுவருவதைவிடக் கஷ்டம்.

பதினோரு மணிக்குக் கப்பலிலிருந்து மூன்றாவது இன்ஜினியர் வந்தான். சித்தார்த்தன் என்று பெயர். கே.கே. நகர்ப் பையன், இருபத்தேழு வயது, இரவு முழுக்க எஞ்சின் அறையில் நின்ற கண்கள். பம்ப்பை வாங்கிக்கொண்டு மாலைக்குள் கப்பலில் மாட்ட வேண்டும். இருபத்திரண்டு பேர் அந்தக் கப்பலில். விடிந்தால் புறப்பாடு.

பம்ப் மேடையில் ஓடியது. அழுத்தம் காட்டும் முள் நான்கு கிலோவில் நடுங்காமல் நின்றது. சீலில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை; அது அவள் தேய்த்த சீல். அந்த அவலட்சணத்துக்கு நடுவே அது ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது என்பது அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"ஜோதி, டம்ளர்," என்றார் நோயல்.

அவள் எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். நிரப்பினாள். அதை நோயலிடம் நீட்டினாள்.

"நீ குடி சார்."

"இன்னிக்கு என்ன புதுசா?"

"தாகமில்ல எனக்கு."

சித்தார்த்தன் ஒருவர் முகத்தை விட்டு இன்னொருவர் முகத்தைப் பார்த்தான். நோயல் சிரித்தார். வாங்கினார். அண்ணாந்து, ஒரு சொட்டு சட்டையில் விழாமல், முழுதாகக் குடித்து முடித்தார். அவள் எதிர்பார்த்தது அது இல்லை. தயங்குவார், அந்தத் தயக்கத்தைப் பையன் பார்ப்பான் என்று நினைத்திருந்தாள்.

"ஓகே சார்," என்றான் சித்தார்த்தன். "பேப்பர் குடுங்க, சைன் பண்ணிடறேன்."

"இரு நைனா," என்றாள் ஜோதிலட்சுமி.

சுவரில் வரிசையாகத் தொங்கிய ஸ்பேனர்களில் சிவப்புப் பிடி போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நோயலின் முகம் அப்போதுதான் மாறியது.

"அந்த ஸ்பேனர் எதுக்கு?"

"இதுக்கு இதான் சார் ஸ்பேனரு. உங்கப்பா சொன்னது."

"ஜோதி, கஸ்டமர் முன்னாடி வேண்டாம்."

"அவருதான் குடிக்கப் போறாரு. அவரு முன்னாடி இல்லாம யாரு முன்னாடி?"

மோட்டாரை நிறுத்தினாள். எட்டு போல்ட். நோயல் ஒருமுறை அவள் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார், பிறகு அது தப்பு என்று தோன்றிப் பாதியில் விட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று சொன்னேனே. மூடி கழன்றது. அவள் ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுச் சுரண்டினாள். கறுப்பாக, பிசினும் பொடியுமாக, நகத்தளவுக்கு ஒரு பொருக்கு உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அதைச் சித்தார்த்தன் மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள்.

"மோந்து பாரு."

மோந்தான். அவன் வேலை பார்க்கிற இடத்தில் அந்த வாசனையை எந்தக் குழாயருகே முகர்ந்திருக்கிறோம் என்று யோசிக்க அவனுக்கு இரண்டு விநாடிதான் ஆயிற்று.

"இது சானிட்டரி லைன் கேசிங்கா?"

"தமிழ்ல கக்கூஸு."

"அவர் இப்ப குடிச்சாரே?"

"எங்க ஏரியாலயும் ஒருத்தரு குடிச்சாரு. ஒரு டம்ளரு குடிச்சா இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது. தெனம் குடிக்கறவனுக்குத்தான் ஆவும். அவன் வந்து கேமராவாண்ட நிக்க மாட்டான்."

சித்தார்த்தன் போட்டோ எடுத்தான். வெளியே போய்ப் போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் பேசினான். அந்தப் பக்கக் குரல் ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்டது. திரும்பி வந்தவன் முகத்தில் நன்றி என்று ஒன்றும் இல்லை.

"அக்கா, இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல? இப்ப நான் வெறுங்கையோட போய் செகண்ட் இன்ஜினியர்ட்ட நிக்கணும். ஒத்த பம்ப்போட கெளம்பணும். அதுவும் நின்னா இருபத்திரண்டு பேருக்கு பக்கெட்ல தூக்கணும். யார் தூக்குவா? நான்தான்."

"தூக்கு. கை வலிக்கும், அவ்ளோதான்."

"ஈஸியா சொல்றீங்க."

"எட்டாவது மாடிக்கு லிப்ட் இல்லாத ஆறு மாசம் தூக்கினேன். ஈஸியாதான் சொல்லுவேன்."

அவன் கையெழுத்துப் போடாமல், கப்பலின் விரிசல் விட்ட பழைய கூட்டை வண்டியில் ஏற்றச் சொல்லாமலே போய்விட்டான். காப்பாற்றப்பட்டவர்களில் முதல் ஆள் கோபத்தோடு போனதை அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

நோயல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம் ஜோதி," என்றார். சத்தம் போடவில்லை.

"சரி," என்றாள். ஆனால் உடனே போகவில்லை. அன்றைய சீல் வேலை பாக்கி இருந்தது. ஐந்தரை வரை எட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். வேலையை விட்டு நீக்கிய பிறகும் ஷிப்டை முடித்த ஆளை நோயல் அதுவரை பார்த்ததில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் அடையாறு பாலத்தைத் தாண்டும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. பையன் பம்ப்பை வாங்காமல் போய்விட்டான். அப்படியானால் கூடு எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. நீலப் பெயின்ட்டோடு அதே மேடையில் இருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு கப்பல் வரும். இன்னொரு பம்ப் விரிசல் விடும். நோயல் மறுபடி நம்புவார். இந்தத் தடவை ஸ்பேனரை எடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். வேலை போனதற்கு வராத கோபம் இதற்கு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் கணவன் சுப்புராயனிடம் சொன்னாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், எதையும் ரோட்டு நியாயத்தில் பார்க்கிறவன்.

"வேலைதான் போச்சே, இன்னாத்துக்கு அத்தயே நெனச்சிகினு கீற?"

"வேலை போச்சு. கூடு போவலையே."

"அதுக்கு இன்னா பண்ணுவ?"

கைப்பையைத் திறந்து பார்த்தாள். பட்டறைச் சாவி இருந்தது. தினமும் எட்டு மணிக்குத் திறப்பவள் அவள்தான். ஆளை நீக்கிய முதலாளி சாவியைக் கேட்க மறந்திருந்தார். பதினெட்டு வருஷமாக அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று நினைத்திருந்தாரோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கமான பஸ்ஸில் வந்து, வழக்கம் போலத் திறந்தாள். முதலில் சீலைக் கழற்றினாள். வெள்ளைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்தாள். தண்டையும் தண்ணீரைத் தள்ளும் சுழலியையும் பிரித்து ஓரமாக அடுக்கினாள். அவை கப்பலுடையவை. நோயல் மாட்டிய கூட்டை மட்டும் உருட்டிக்கொண்டுபோய்த் தரையில் போட்டாள். சம்மட்டியை எடுத்தாள். வார்ப்பிரும்பு கெட்டியானது, ஆனால் வளையத் தெரியாதது. முதல் அடிக்கு மணி போல ஒலித்தது. மூன்றாவதுக்கு ஒலி மந்தமானது. ஐந்தாவது அடியில் பிளந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவார் என்று தோன்றவே, ஒட்ட முடியாத அளவுக்கு அடித்தாள். பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி உள்ளே போனார்.

நோயல் ஒன்பதரைக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார்.

"என்ன இது?"

"கூடு சார்."

"இது என் சொத்து. நான் இப்ப போலீஸுக்குப் போன் பண்ணா என்ன ஆகும் தெரியுமா?"

"போனு எதுக்கு? ஸ்டேஷனு தோ அந்தாண்ட கீது. நானும் வரேன். ஒடஞ்ச பீஸ நீ தூக்கிகினு வா, எனக்குத் தோளு வலிக்குது. உள்ள இன்னா பூசிக்கீதுன்னு அவங்களாண்டயும் காட்டலாம்."

நோயல் ஹெல்மெட்டைக் கழற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"நேத்து ராத்திரி எனக்கு வயிறு சரியில்லை," என்றார்.

"ஒரு டம்ளர்ல ஒண்ணும் ஆவாது சார். அது பயம்."

அவர் மேஜையில் இருந்த வெள்ளைத் துணியைப் பிரித்தார். சீல் வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீறல் இல்லை. துணியைப் பழையபடி சுற்றி வைத்தார்.

"கப்பல்காரன் லிஸ்ட்லேர்ந்து நம்ம பேரையே எடுத்திருப்பான்."

"கூடு வருதுன்னு எழுது. அவன் பழைய கூடு இங்கதான் கீது, இன்னும் நம்மள உட்டுப் போவல."

"ஆர்டர் போட்டா ஆறு வாரம்."

"போடு."

லேப்டாப்பைத் திறந்தார். வெளிநாட்டுக் கம்பெனியின் பக்கம் திறக்க நேரம் ஆயிற்று. "பார்ட் நம்பர் வேணும்," என்றார் திரையைப் பார்த்துக்கொண்டே. கப்பலின் கூட்டில் நம்பர் இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது.

ஜோதிலட்சுமி குந்தி உட்கார்ந்தாள். உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அச்சு ஒன்றுதானே, நம்பரும் ஒன்றுதான்; பூச்சு பிறகு உள்ளே அடிப்பது. பாதி நம்பர் ஒரு துண்டிலும் பாதி இன்னொன்றிலும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நீலப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டி, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். ஏழு என்றதை அவர் ஒன்றென்று அடித்தார்.

"ஏழு," என்றாள். "ஏழுன்னுதான் சொன்னேன். காது கேக்குதா, இல்ல அத்தயும் நம்பலையா?"

நோயல் அழித்துவிட்டு ஏழு போட்டார்.